இருபத்தேழாம் கேள்வியில் சிரிப்பு வரவில்லை

ஆகஸ்ட் 5, திங்கள்

'வடை யாருக்கு?' வெளியாகி மூன்று நாளாகிறது. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் படித்து, பதில் சொல்ல வேண்டியதற்குச் சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்க அறிக்கை தருவது என் வேலை. விளையாட்டின் கேள்விகளை எழுதியவளும் நான்தான். சமைத்தவளே எச்சில் இலையும் எடுப்பது எங்கள் அலுவலகத்து வழக்கம். மொத்தமே மூன்று பேர், பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. பிரணவன் முதலாளி, விளையாட்டை ஓட வைக்கிறவனும் அவன்தான். தாரணி படம் வரைகிறாள். பாடப்புத்தக அச்சகத்தில் பதினாறு வருடம் பிழை திருத்திய என்னைப் பிழை பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். "அக்கா, நீங்க பேசறதே சிரிப்பா இருக்குதுங்க, நீங்களே எழுதிப்போடுங்க" என்று பிரணவன் ஒருநாள் சொன்னான். இந்த நாற்பத்தைந்து வயதில் காந்திமதி வீடியோ கேம் எழுத்தாளர் ஆன கதை இவ்வளவுதான்.

விளையாட்டு இதுதான். நீங்கள் அய்யாவு, ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். நாற்பது தர்மசங்கடங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி. ஒரே ஒரு வடை மிச்சம். பன்னிரண்டு வருடமாகக் கோபித்துக்கொண்டிருக்கும் தாய்மாமனுக்கா, பத்திரிகை இல்லாமல் வந்தாலும் மனதார வாழ்த்திய ஆளுக்கா, பிள்ளைத்தாய்ச்சிப் பூனைக்கா? சரியான விடை என்று ஒன்று கிடையாது. எதைத் தொட்டாலும் ஒரு ரகளை நடக்கும். முடிவில், உங்களைப் போல முடிவெடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று காட்டும்.

இன்று வந்தவற்றில் சில:

"விருந்துக்கு வெட்ட வச்சிருந்த ஆட்டுக்கு பத்திரிகை குடுத்து விருந்தாளி ஆக்கிட்டேன். இப்ப அத யாரும் வெட்ட முடியாது. சட்டப்படி கரெக்ட்தானே?" ஐந்து நட்சத்திரம்.

"என் பொண்டாட்டி வடைய பூனைக்கு குடுத்தா. நான் மாமாவுக்கு குடுத்தேன். ரெண்டு நாளா பேச்சு இல்ல." ஐந்து.

"நேரத்தை வீணடிக்கும் செயலி. நான்கு முறை விளையாடினேன்." ஒன்று.

ஆகஸ்ட் 7, புதன்

தண்ணீர் வரும் நாள். ஐந்தரைக்கே எழுந்து பிடித்தேன்.

விளையாட்டின் இணைப்பை நேற்று என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, தெரிந்தவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும் என்று மிரட்டியிருந்தேன். எண்பத்தோரு பேர் பார்த்திருக்கிறார்கள். நட்சத்திரம் போட்டவர்கள் நாலு பேர். சொந்தக்காரர்களைப் பற்றி நாற்பது கேள்வி எழுதியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது. இருபத்தேழாம் கேள்வி. குடும்பப் படம் எடுக்கிறார்கள். படத்துக்குள் பன்னிரண்டு பேர்தான் அடங்குவார்கள், மேடையில் நிற்பது பதின்மூன்று. யாரை இறக்குவீர்கள்? மாமனை இறக்கினால் பந்தலைப் பிரித்துக்கொண்டு போவார். பத்திரிகை இல்லாத ஆளை இறக்கினால் மைக்கைப் பிடுங்கிப் பாடுவார். ஆட்டை இறக்கினால் அது மணமாலையைத் தின்றுவிடும். நான்காவதாக, ஓரத்தில், இடுப்பில் குழந்தையோடு பச்சைப் புடவைக்காரி ஒருத்தி நிற்கிறாள். அவளை இறக்கினால் இறங்கிப் போய்விடுவாள். அவ்வளவுதான். நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அவளைத்தான் இறக்குகிறார்கள்.

"27ல பச்சை சேலைய இறக்குனா ஒண்ணுமே நடக்கல. பக் இருக்கு, பாருங்க."

"காமெடி எழுத மறந்துட்டீங்களா?"

பக் என்றால் பிழையாம். நாற்பது எழுதினால் ஒன்று விட்டுப்போகும். அதில் என்ன அதிசயம்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். பிரணவன் பேக்கரி பன்னைக் கடித்தபடியே படித்தான்.

"அக்கா, இருபத்தேழு பத்தி மட்டும் அறுபது பேர் எழுதியிருக்காங்க. நாந்தேன் எதோ விட்டுட்டனோன்னு நேத்து பூராம் தேடினேன். நீங்க எழுதிக்குடுத்ததே அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"வேணும்னேங்களா?"

"விட்டுப்போச்சு தம்பி."

"செரி விடுங்க. செப்டம்பர் ஆறாந்தேதி புதுப்பதிப்பு உடறோம். அதுக்குள்ள ஒரு ரகளை எழுதிக் குடுத்துருங்க. நாலு வரி போதும்."

நாலு வரி. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எழுதிவிடுவேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று புதிதாக ஒருவர். பெயர் 'ஜாங்கிரி'. இரண்டு நட்சத்திரம்.

"மத்தது எல்லாம் சிரிப்பா இருக்கு. 27ல பச்சைச் சேலை கட்டினவங்க இறங்கி எங்க போறாங்க? சாப்பிட்டாங்களா?"

எல்லோரும் ரகளை இல்லையே என்று கேட்கும்போது இது சாப்பாட்டைக் கேட்கிறது. மரியாதையாகப் பதில் போட்டேன்: "தங்கள் கருத்துக்கு நன்றி. அவர் ஒரு கற்பனைப் பாத்திரம். தொடர்ந்து விளையாடுங்கள்."

நாலு வரி இன்னும் எழுதவில்லை. அறிக்கையை ஒழுங்குபடுத்தும் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. அலமாரி ஒதுக்கினேன். புடவைகளுக்கு அடியில் ஷைனியின் கல்யாணப் பத்திரிகை. ஜூலை மாதமே தபாலில் வந்தது. செப்டம்பர் 12, பாளையங்கோட்டை, காலையில் சர்ச்சில் திருமணம், மதியம் மண்டபத்தில் விருந்து. ஷைனி என் அக்கா செண்பகத்தின் மகள். உறையில் என் பெயரை அக்கா கையால் எழுதியிருக்கிறாள். அவள் கையெழுத்தைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது, இன்னும் அப்படியே கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது.

செப்டம்பர் 12 வியாழக்கிழமை. புதுப்பதிப்பு வந்த வாரம். கருத்துகள் குவிந்து கிடக்கும். போக முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அக்காவுக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அவள் ஜெபராஜ் அத்தானைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள், அப்பா தலைமுழுகிவிட்டார். நாலு வருடம் கழித்து என் கல்யாணம். அக்காவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. ஆனாலும் வந்தாள். இடுப்பில் மூன்று வயது ஷைனி. படம் எடுக்கும்போது மேடையில் கூட்டம் அதிகமாகிவிட்டது. ஒருத்தர் விலகணும் என்று போட்டோகிராபர் சொன்னார். அக்கா விலகினாள். அப்படியே போய்விட்டாள். கல்யாண மண்டபத்தில் இப்படி ஆயிரம் நடக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அறிக்கை. நட்சத்திரச் சராசரி நாலு புள்ளி ஒன்று. மாவு அரைத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுதிப் பார்த்ததெல்லாம்:

பச்சைப் புடவைக்காரி இறங்கிப் போய் ஆட்டின் மேல் ஏறிக்கொண்டு போகிறாள். தாரணி சிரிக்கவில்லை.

பச்சைப் புடவைக்காரி உண்மையில் உணவுத்துறை அதிகாரி, மண்டபத்துக்குப் பூட்டுப் போடுகிறாள். எனக்கே சிரிப்பு வரவில்லை.

பச்சைப் புடவைக்காரி வாசலில் நின்று மண் வாரித் தூற்றுகிறாள். இதை எழுதியவுடனே அடித்துவிட்டேன். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"அக்கா, ஒரு டவுட்டு" என்றாள் தாரணி. "நீங்க குடுத்த குறிப்புல எல்லாருக்கும் ஒரு வரிதான் இருந்துச்சு. மாமா, தொப்பை, மீசைன்னு. இவங்களுக்கு மட்டும் அரைப்பக்கம் எழுதியிருந்தீங்க. கிளிப்பச்ச இல்ல, இலைப்பச்ச. ஒரு பக்கம் முந்தி கசங்கி இருக்கோணும், பஸ்ல வந்ததால. பாப்பாவுக்கு ஒரு கால்ல மட்டும் செருப்பு. நானும் அப்படியே வரைஞ்சேன். யாருங்க அது?"

"யாரும் இல்லை. படம் நல்லா வரட்டும்னு எழுதினேன்."

ஜாங்கிரி மறுபடியும் வந்திருக்கிறது. "கற்பனைப் பாத்திரம்னா சரி. ஆனா கேட்டதுக்குப் பதில் வரல. சாப்பிட்டாங்களா இல்லையா?" நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டது. விளையாட வந்தவர்களுக்கு எத்தனை வேலை இல்லாத வேலை! நான் பதில் போடவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றால், போட்டோகிராபர் பொதுவாகத்தான் சொன்னார். என் மாமியார்தான் அக்காவைப் பார்த்து முகம் சுளித்தார். புது மருமகள் நான். மாலையும் கழுத்துமாக நிற்கிறேன். மாமியார் முகம் அப்படிப் போனால் என்ன செய்வது? அவர் இப்போது இல்லை. இல்லாதவரைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இவர் மோட்டார் பட்டறைக்குப் போகாத நாள். காலையில் தேங்காய் துருவித் தரச் சொன்னேன். துருவிவிட்டு, ஈஸி சேரில் சாய்ந்து என் விளையாட்டை முதல் தடவையாக விளையாடினார். கட்டிய கணவர் இருபத்துமூன்று நாள் கழித்துத் திறக்கிறார், ஊரான் என்ன நட்சத்திரம் போடுவான்?

நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆடு வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தேன். இருபத்தேழில் நிற்கிறார். இருபது வினாடி ஓடி முடிந்தும் எதையும் தொடவில்லை. அய்யாவு தலையில் கைவைத்து உட்காரும் படம் வந்தது.

"இது செண்பகம் மதினிதான?" என்றார்.

"கல்யாண மண்டபம்னா நாலு பேர் பச்சை கட்டத்தான் செய்வாங்க."

"நானும் அங்கனதான நின்னேன் காந்தி."

துருவிய தேங்காயை எடுத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க அம்மா மூஞ்சியச் சுளிச்சாங்க. நான் என்ன செய்ய?" என்றேன்.

"அம்மாவா? அம்மா மேடையிலயே இல்ல. சீர்வரிசைத் தட்டு குறையுதுன்னு கீழ சமையக்கட்டுப் பக்கம் போயிருந்தா. படத்துல அம்மா கிடையாதே. ஆல்பத்த எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். இல்லை. இருபத்தொரு வருடமாக அந்த ஆல்பத்தைத் திறக்காமலே மாமியாரை அதில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சரி. எழுதிவிடுகிறேன். போட்டோகிராபர் ஒருத்தர் விலகணும் என்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா கூட ஒன்றும் சொல்லவில்லை, மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் திரும்பி, "அக்கா, நீ கொஞ்சம் எறங்கிக்கோயேன்" என்றேன். நான்தான் சொன்னேன். ஏன் என்று கேட்டால், அவளை இறக்கினால் ரகளை வராது என்று தெரியும். மாமாவிடம் சொன்னால் வரும், சித்தப்பாவிடம் சொன்னால் வரும். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுபத்தொரு பேர் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

அவள் சிரித்த முகத்தோடே இறங்கினாள். பிறகு பந்தியில் தேடினேன். "செண்பகம் கை நனைக்காமப் போயிட்டா" என்று அத்தை வந்து சொன்னாள். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உறவு அதோடு சரி. அப்பா இறந்தபோது வந்தாள், ஒருநாள் முழுக்க என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள், ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. சாவு வீட்டில் யார் குடித்தார்கள் என்று எவர் பார்க்கப் போகிறார்? நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஜாங்கிரி. நட்சத்திரம் ஒன்று.

"அந்தப் பாப்பாவோட இன்னொரு செருப்பு மேடைக்குக் கீழ கிடந்தது. எடுக்க நேரம் இல்ல. படத்துல அதையும் வரைங்க."

தாரணிக்குக் கொடுத்த குறிப்பில் நான் இதை எழுதவில்லை. எனக்கே தெரியாது.

பசிக்கவில்லை என்று டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களின் பட்டியல் ஒருநாளில் போய்விடுமாம். தாரணி சொன்னாள். பட்டியல் எதற்கு? ஜாங்கிரி யார் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 2, திங்கள்

பிரணவன் நாலு வரி கேட்டான். ரகளை இல்லை, வேறு ஒன்று இருக்கிறது என்றேன்.

"பச்சைப் புடவைக்காரியை இறக்கினால் அப்போதைக்கு ஒன்றும் நடக்கக் கூடாது. இருபத்தெட்டாம் கேள்வியிலிருந்து பந்தி வருகிற இடத்தில் எல்லாம் ஒரு இலை காலியாகவே இருக்கணும். தண்ணீர் தெளித்து, எல்லாம் பரிமாறி, ஆள் மட்டும் இல்லாமல். ஓரத்தில் ஒரு ஜாங்கிரி. நாற்பதாம் கேள்வி வரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு யாரையாவது உட்கார வைக்கப் பார்த்தாலும் உட்கார மாட்டார்கள்."

பிரணவன் பேக்கரிப் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தான். "சிரிப்பு வராதுங்களே அக்கா."

"வராது."

"நம்முது காமெடி கேமுங்க. பாதியில ஒரு இலை கெடந்துட்டே இருந்தா ஆட்டம் ஆடறவனுக்கு ஒரு மாதிரி ஆயிருமுங்க."

"முப்பத்தொன்பது கேள்விக்குச் சிரிக்க வச்சிருக்கேன் தம்பி. ஒண்ணு எனக்கு விடு."

தாரணி தலையைத் தூக்காமலே, "நான் இலைய வரைஞ்சிட்டேனுங்க" என்றாள். பிரணவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சிட்டீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்தக் கேள்விக்கு ஐந்தாவது விடை ஒன்றும் சேர்க்கச் சொன்னேன். 'நானே இறங்கிக்கொள்கிறேன்.' இத்தனை நாள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்பதும், எழுதிய எனக்கும் தோன்றவில்லை என்பதும்தான் ஆச்சரியம்.

மேடைக்குக் கீழே ஒரு குட்டிச் செருப்பும் வரைந்தாயிற்று.

செப்டம்பர் 6, வெள்ளி

புதுப்பதிப்பு வந்தது. அறிக்கை. நெல்லைக்கு இரண்டு டிக்கெட் போட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பாளையங்கோட்டையில் இன்னும் அதே வெயில். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஷைனி வெள்ளைப் புடவையில் வந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை மாப்பிள்ளை வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டு கைக்குட்டை கொடுத்தார்.

மண்டப வாசலில் அக்கா நின்றாள். தலை முன்பக்கம் முழுதும் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை ஜெபராஜ் அத்தானிடம் கொடுத்தாள். இவர் அத்தானோடு பேச ஒதுங்கிக்கொண்டார். புத்திசாலி.

"வந்துட்டியா" என்றாள் அக்கா. "ரயிலு லேட்டா?"

வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அக்கா, தப்பு பண்ணிட்டேன். யாரும் சொல்லல. நானேதான் ஒன்ன எறங்கச் சொன்னேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? என் மூஞ்சியப் பாத்துல்லா சொன்ன." அவள் குரல் ஏறவில்லை. "ஏட்டி, இன்னைக்குப் பாத்தா இத எடுக்கணும்? எம்பிள்ள கல்யாணம். மேக்கப்பு போட்டுவிட்ட பிள்ள அழக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. போ, பந்தி போட்டாச்சு."

"நீ அன்னைக்குச் சாப்பிடாமப் போனியே."

"நாங்க ஒண்ணும் பட்டினி கெடக்கல. பஸ் ஸ்டாண்டுல புரோட்டா தின்னோம். உங்க வீட்டுச் சாம்பார விட அது நல்லாத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். மன்னித்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பிட்டேன். இலையில் வைத்தது ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

பிறகு குடும்பப் படம். நான் படிக்கட்டுக்கு அருகிலேயே, மேடையில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக நின்றேன். விலகச் சொன்னால் உடனே இறங்கிவிடலாம் என்று. போட்டோகிராபர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "ஓரத்துல நிக்கிற மேடம், உள்ள வாங்க, பாதிதான் தெரியுதீங்க" என்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள். பார்த்தது மட்டும்தான். நான் உள்ளே வந்தேன்.

இறங்கும்போது ஷைனி காதில் சொன்னாள்: "சித்தி, செருப்பு வரைஞ்சது பாத்தேன். இலையும் பாத்தேன்."

"நட்சத்திரம் இன்னும் ஒண்ணுதானே இருக்கு?"

"அம்மா ஒங்க வீட்டுல சாப்பிடட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று சிரித்தாள் ஜாங்கிரி.

புறப்படும் முன் அக்காவிடம் சொன்னேன். "புதுப்பிள்ளைகள விருந்துக்கு அனுப்பு. நீயும் அத்தானும் கூட வரணும்."

"அதுக ரெண்டும் வரும். என்னையப் பத்திப் பாப்போம்."

செப்டம்பர் 16, திங்கள்

புதுப்பதிப்புக்குக் கருத்துகள். பிரணவன் பயந்த மாதிரியே சிலருக்கு ஒரு மாதிரி ஆகியிருக்கிறது.

"28ல இருந்து ஒரு இலை காலியா இருக்கு. யார உக்கார வச்சாலும் எந்திரிச்சிடுறாங்க. பக். சரி பண்ணுங்க."

"கல்யாண கேம்னு என் கொழுந்தனாருக்கு காட்டினேன். அந்த இலைய பாத்துட்டு அவர் போன வச்சிட்டு யாருக்கோ போன் பண்ண போயிட்டார்."

"திரும்ப முதல்ல இருந்து ஆடினேன். இந்தத் தடவ நானே இறங்கினேன். அய்யாவு கீழ நின்னு கை தட்டுறார். வேற ஒண்ணும் இல்ல. பரவால்ல."

"சிரிக்க வந்தேன். ஏமாத்திட்டீங்க." இரண்டு நட்சத்திரம். இவர் சொல்வதும் நியாயம்தான்.

பச்சைப் புடவைக்காரியை இறக்குகிறவர்கள் இப்போது நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பிழை என்று எழுதியவருக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் விட்டு வைத்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாலு மணிக்கு எழுந்தேன். அவியல், பருப்பு, புளிக்குழம்பு, இரண்டு பொரியல், பாயசம். ஜாங்கிரி மட்டும் கடையில் வாங்கினேன், எனக்குச் சுற்ற வராது. இவர் வாழை இலை வாங்கி வந்தார். நாலுக்கு ஐந்தாக வாங்கி வந்தார், நான் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ஷைனியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று ஆட்டோவைப் பார்த்தேன். இல்லை. "அம்மாவுக்கு முட்டுவலி சித்தி" என்றாள் ஷைனி. முட்டுவலிதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

தரையில் இலை போட்டேன். மாப்பிள்ளை, ஷைனி, இவர், நான். ஷைனிக்குப் பக்கத்தில் ஐந்தாவது இலை. தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் பரிமாறி, ஓரத்தில் ஜாங்கிரி வைத்தேன். மாப்பிள்ளை ஏதோ கேட்க வந்து, ஷைனியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஷைனி போனை எடுத்தாள். "எம்மா, இங்க பாரு" என்று கேமராவை அந்த இலையின் மேல் காட்டினாள்.

அக்கா முகம் போனில் தெரிந்தது. அடுப்படியில் நிற்கிறாள். "யாருக்கு அது?" என்றாள்.

"ஒனக்குத்தாம்மா. சித்தி போட்டு வச்சிருக்காங்க."

பின்னால் குக்கர் விசில் அடித்தது, அவள் அதை அணைக்கக்கூடப் போகவில்லை. நான் இலைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடிவுக்குக் கூட இப்படி உட்கார்ந்ததில்லை.

"ஜாங்கிரி வச்சிருக்காளா?"

"வச்சிருக்காங்க."

"அத நீ எடுத்துத் தின்னு. அது ஒனக்குள்ளது. அன்னைக்கு பஸ் ஏறுத வரைக்கும் ஜாங்கிரி ஜாங்கிரின்னு கேட்டு அழுத. பஸ் ஸ்டாண்டுல கடை கடையா ஏறி எறங்கினேன், எங்கயும் கெடைக்கல. எனக்கு மேடையில எறங்கினது பெருசில்லட்டி, ஒன் அழுகைதான் மனசுல கெடக்கு." ஷைனியிடம் பேசுகிறாளா என்னிடம் பேசுகிறாளா என்று தெரியவில்லை. ஷைனி ஜாங்கிரியை எடுத்துக் கடித்தாள். கடித்துக்கொண்டே அழுதாள். மூன்று வயதில் எப்படி அழுதிருப்பாள் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"காந்தி" என்றாள் அக்கா. இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை.

"சொல்லுக்கா."

"மத்தத எடுத்து வைக்காத, ஊசிப் போவும். எனக்குள்ளத நான் வந்து தின்னுக்கிடுதேன்."

எப்போது என்று சொல்லவில்லை. கேட்டால் முட்டுவலி என்பாள். நான் கேட்கவில்லை. அவள் போய்க் குக்கரை அணைத்தாள்.

பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டு வந்து, சாயங்காலம் அந்தப் பிழைக்காரருக்குப் பதில் எழுதினேன்: "ஐயா, நீங்கள் சொன்னது சரி. பிழைதான். எங்களுடையது. அந்த இலைக்கு உரியவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வந்து உட்கார்ந்ததும் சரியாகிவிடும்."